நெருப்புக்குச்சியும் கிணற்றுத் தண்ணீரும்

கார் பற்றரிக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நெருப்புக்குச்சி தட்டியவன் நான். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் வலது கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தத் தேவையில்லை. நானே இப்போது சிரிக்கிறேன். வீட்டு முற்றத்தில் கார் திருத்துகிற ஆண்கள் திருகோணமலையில் இன்னும் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத இது வேறு சிலரைப் பற்றியதாகிவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் வராத காலம். துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கர். ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடு, வாசலில் ஒரு பழைய கறுப்பு இங்கிலீஷ் கார். அது என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. கராஜுக்குக் கொண்டுபோனால் "சாமான் இல்லை ஐயா" என்று கையை விரிப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மெக்கானிக்.

அந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த விழுப்புண்கள் பல. காரின் முன்பக்கம் செருகுகிற இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும். எஞ்சின் உதைத்தால் கை தப்பும். அதை நான் அறிந்துகொண்டது பெருவிரல் எலும்பு வெடித்த பிறகு. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை வெறுங்கையால் திறந்து நெஞ்சில் கொப்புளம் வாங்கியிருக்கிறேன். காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து, மனைவியோடு கதைத்துக்கொண்டே எண்ணெய்த் தொட்டியின் அடைப்பைக் கழற்றியதில் ஒரு வாய் கறுப்பு எண்ணெய் குடித்துமிருக்கிறேன். காரைத் தூக்கி நிறுத்திய ஜக் மணலில் புதைந்து கார் இறங்கியபோது சக்கரம் என் செருப்பின் நுனியை மட்டும் பிடித்தது. கால் தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல, செருப்பு ஒரு அளவு பெரிது.

இத்தனைக்கும் டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் என் மனைவி யோகேஸ்வரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. நான் யோகம் என்று கூப்பிடுவேன். "இஞ்சருங்கோ, அந்தக் கல்லு ஆடுது" என்பாள். "நீர் லைற்றைச் சரியாப் பிடியும்" என்பேன். காருக்கு முண்டு கொடுத்த கல் ஆடி விழுந்த பிறகு, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவாள்.

பொழுதுபட்டு இருட்டத் தொடங்கிய அந்த மைம்மல் நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். பற்றரி மெலிந்துவிட்டது என்று எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தேன். பற்றரியின் மூடிகளைக் கழற்றினேன். உள்ளே இருட்டு. டோர்ச்சுக்குப் போட ஊரில் எந்தக் கடையிலும் பற்றரி இல்லை. சட்டைப் பையில் நெருப்புப்பெட்டி இருந்தது.

சார்ஜ் ஆன பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், அது நெருப்பைக் கண்டால் வெடிக்கும். இதை என் மனைவி பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் படிப்பிக்கிறவள். எனக்கு ஒருநாளும் படிப்பித்ததில்லை. நான் கேட்டதுமில்லை.

தேங்காயைச் சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். முகம் நனைந்தது. தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்; அது பற்றரி அசிட். அடுத்த மூச்சில் இரண்டு கண்களுக்குள்ளும் நெருப்பைக் கொட்டியதுபோல எரியத் தொடங்கியது. கண்களை இறுக்கிப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

யோகம் ஓடி வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. "என்ன நடந்தது?" என்று அவள் கேட்கவில்லை. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சீமெந்தில் என்னை மல்லாத்திக் கிடத்தினாள்.

"கண்ணைத் திறவுங்கோ."

"ஏலாது யோகம், ஏலாது!"

"திறவுங்கோ எண்டிறன்."

என் இமைகளுக்குள் அவளுடைய விரல்கள் நுழைந்து விரித்தன. தண்ணீர் விழுந்தது. நான் அவளைத் தள்ளினேன், உதைத்தேன், என் வாயில் ஒருநாளும் வராத வார்த்தைகளால் திட்டினேன்.

"நல்லா ஏசுங்கோ. கண்ணை மட்டும் மூடாதேங்கோ."

பக்கத்து வீட்டு ஹமீது நானா வேலியைத் தாண்டி வந்தார். சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற வேன் வைத்திருக்கிறவர். "டீச்சர், வேன் நிக்கிது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவம்" என்றார்.

"ஓம் நானா, போவம். முதல் தண்ணி அள்ளுங்கோ."

அவர் அள்ளினார். அவள் ஊற்றினாள். அதற்குள் சனம் கூடிவிட்டது. "இன்னும் வைச்சுக்கொண்டிருந்தால் மனுசன் செத்துப்போவான்" என்று யாரோ சத்தம் போட்டார்கள். தாய்ப்பால் விட்டால் குளிருமென்று ஒரு பெண் குரல். என் கந்தோர் நண்பர் ஒருவர், படித்தவர், "அசிட்டுக்கு அப்பச்சோடா போட்டால் முறியும், ரீச்சருக்குத் தெரியும்தானே" என்றார்.

"தெரியும் அண்ணை. ஆனால் கண்ணுக்குள்ள பரிசோதனை செய்ய ஏலாது. தண்ணி மட்டும்தான்."

அவள் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் பேசுவது போலவே இருந்தது. அத்தனை பேரும் வற்புறுத்தியும் அவள் என் தலையை விடவில்லை. ஹமீது நானாவுக்கு மூச்சு வாங்கி வேறொருவர் வாளியைப் பிடித்த பிறகும் விடவில்லை. அந்த நேரத்தில் நான் அவளை வெறுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் இந்த உலகத்தில் வேறு யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் செய்த முதல் வேலை, என் கீழ் இமைக்குள் ஒரு சின்னக் கடதாசித் துண்டை வைத்தது. பாசிச்சாயத் தாள். அசிட் மிச்சமிருந்தால் நீலத்தாள் சிவப்பாகும். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"சிவக்கேல்லை" என்றார் டொக்டர். "ஆர் கழுவினது?"

"என்ர மனுசி."

"எவ்வளவு நேரம்?"

"கிணறு வத்திற மட்டும்" என்று ஹமீது நானா பின்னாலிருந்து சொன்னார்.

டொக்டர் சிரித்தார். "அப்ப வைத்தியம் முக்கால்வாசி கிணத்தடியிலேயே முடிஞ்சுது. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிச்சம் என்பது லேசானதல்ல. கறுப்பு விழியின் மேல் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அது வெந்திருந்தது. மஞ்சள் மருந்துத் துளி ஒன்றை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண்பட்ட இடம் மட்டும் பச்சையாக ஒளிரும் என்று மிசி எனக்கு விளங்கப்படுத்தினார். எங்கள் ஊரில் தாதியை மிசி என்போம். இடது கண்ணில் கொஞ்சம் பச்சை, வலது கண்ணில் கனக்கப் பச்சை. கண்ணின் நடுவில் உள்ள மணியை விரிய வைக்க ஒரு மருந்து. அது வலியைக் குறைக்கும், பார்வையைக் கலக்கும். காலையும் மாலையும் களிம்பு. எல்லாவற்றிலும் கொடியது கண்ணாடிக் குச்சி. வெந்த இமை, வெந்த விழியோடு ஒட்டிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, மழுங்கிய கண்ணாடிக் குச்சியை இமைக்குள் விட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வழிப்பார்கள். மிசி அதைச் செய்யும்போது ஏதாவது கதை கேட்பார். "உங்கட ஊர் எது? அம்மா இருக்கிறாவோ?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குச்சி வெளியே வந்துவிடும். அந்தக் கை அவ்வளவு வேகமானது, அவ்வளவு மென்மையானது.

இரண்டு கண்களையும் கட்டிவிட்டார்கள். காகத்தின் சத்தத்தையும் கப்பலின் ஊதலையும் வைத்துத்தான் எனக்குப் பொழுது விடிந்தது. பயம் என்னவென்றால், கட்டை அவிழ்க்கும்போதும் இதே இருட்டுத்தானா என்பது. கந்தோரில் என் வேலை முழுவதும் கண்ணால் செய்கிற வேலை. பார்வையில்லாத கிளாக்கரை வைத்து என்ன செய்வார்கள்? இதை யோகத்திடம் கேட்கப் பயந்து, யாரிடமும் கேட்காமல் கிடந்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் ஒரு குரல்: "கிளாக்கர், நெருப்புப்பெட்டியோட பற்றரிக்குள்ள பாத்த ஆள் நீங்கதானாமே?"

"ஓம்."

"அல்லாஹ்! நான்தான் ஊரிலயே பெரிய மடையன் எண்டு நெனச்சிட்டு வந்தன். என்னத் தோக்கடிச்சிட்டீங்க."

அவர் பெயர் ஜெமீல். குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாக்காரர், என் வயதுதான். நெல்லும் மீனும் ஏற்றுகிற ஒரு சின்ன லொறி அவருடைய சீவனம். வீட்டு முற்றத்தில் லொறிச் சக்கரத்துக்குள் இறுகிப்போன ஒரு இரும்பு முளையை இன்னொரு இரும்பை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார். இடது கண்ணில் ஏதோ குத்தியிருக்கிறது. தூசி என்று தேய்த்துவிட்டு, மிச்ச வேலையையும் முடித்து, லொறியையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கண் மங்கத் தொடங்கிய பிறகே வந்தார்.

எங்களில் யார் பெரிய மடையன் என்பது அந்தக் கண் நோயாளர் வாட்டின் தினசரி விவாதமானது. கண்ணில் பூ விழுந்து வந்த ஆட்களெல்லாம் நீதிபதிகள். என்னை முதன்முதலாகச் சிரிக்க வைத்தவர் ஜெமீல். என் கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். "படி இரிக்கி, கவனம். இனி ஒண்டும் இல்ல, ராசா மாதிரி நடங்க" என்பார். அவருடைய மனைவி சல்மா பாதை ஏறி வருவார். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றுகிற மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். வரும்போது எனக்கும் ஒரு பார்சல் வரும். அரிசிமா ரொட்டியும், ஆணம் என்கிற மீன் குழம்பும். "இது உங்களுக்கு, முள்ளு எடுத்திட்டன்" என்பார். கண் கட்டியவனுக்கு முள் எடுத்த மீன் எவ்வளவு பெரிய உபகாரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

யோகம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்துவிடுவாள். சோற்றைக் கரண்டியால் ஊட்டுவாள். கையால் ஏன் ஊட்டவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் டொக்டர் ஜெமீலின் எக்ஸ்ரேயைக் கொண்டு வந்து அவர் கட்டிலருகே நின்று பேசியது எனக்கும் கேட்டது. எள்ளளவு இரும்பு கண்ணுக்கு உள்ளே போயிருக்கிறது. கொழும்புக்குப் போகவேண்டும். காந்தத்தால் எடுத்துப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் அந்தக் கண்ணையே எடுக்கவேண்டி வரலாம். அடிபட்ட கண்ணை வைத்திருந்தால், சிலவேளை அதைப் பார்த்து நல்ல கண்ணும் கெட்டுப்போகும்.

ஜெமீல்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப மடையன் போட்டியில நான்தான் முதலாம் ஆள், கிளாக்கர்."

அவர் புறப்படும்போது என் கட்டிலில் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம் சொல்லிட்டுப் போறன். டீச்சர் சொல்லக்கூடாதெண்டாங்க. நீங்க இன்னும் காணல்ல, நான் கண்டிட்டன். அவங்கட ரெண்டு கை விரலும் வெந்து போயிரிக்கி. துணி சுத்தியிரிக்கிறாங்க. தண்ணி வாறதுக்கு முந்தி ஒங்கட கண்ணுக்குள்ள கைய வச்சது அவங்கதானே."

அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். பிறகு யாரோ அவருடைய பெட்டியைத் தூக்கினார்கள். அவர் போய்விட்டார்.

கட்டு அவிழ்த்த காலையில் யன்னல் திரையை மிசி இழுத்து மூடினார். டொக்டர் இடது கண்ணின் பஞ்சை எடுத்தார். முதலில் பால் மாதிரி ஒரு வெளிச்சம். அதற்குள் உருவங்கள். "ஆர் நிக்கிறது தெரியுதோ?" என்று டொக்டர் கேட்டார். யோகத்தின் முகம் தெரிந்தது. ஆனால் நான் கீழேதான் பார்த்தேன். அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"காட்டும் யோகம்."

"ஒண்டுமில்லை. ஆறிட்டுது."

"காட்டும்."

நீட்டினாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த விரல்களோடுதான் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். அந்த விரல்களைத்தான் நான் கிணற்றடியில் தள்ளிவிடப் பார்த்தேன். பிறகு டொக்டர் வலது கண்ணை அவிழ்த்தார். வலது கண்ணில் மழை பெய்கிற கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுபோல ஒரு பனிமூட்டம். அது இன்றும் அப்படித்தான். "இடது கண் போதும், வேலை செய்யலாம், வாசிக்கலாம், கார் ஓட்டலாம்" என்றார் டொக்டர். "திருத்திறதைப் பற்றி மனுசியைக் கேளுங்கோ."

கார் ஓட்டினேன். ஆனால் எஞ்சினை மூடுகிற பொனற்றைத் திறக்க என்னால் ஏலவில்லை. புதுப் பற்றரியை ஹமீது நானாதான் வந்து பூட்டினார். நான் வாசற்படியில் நின்றேன். மூடி கழற்றும் சத்தத்துக்கே என் கை கண்ணை மறைத்தது. யோகம் அதைக் கண்டாள்.

ஜெமீல் கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்றும், கண்ணை எடுத்துவிட்டார்கள் என்றும் ஆஸ்பத்திரி மிசி சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு காரில் புறப்பட்டோம். பாதையில் ஏறி அக்கரைக்குப் போய், கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு வழி கேட்க இறங்கினேன். திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. வியர்த்துக் கொட்டியது.

"பொனற்றைத் திறந்து பாக்கிறியளோ?" என்றாள் யோகம்.

"வேண்டாம். வீடு கிட்டத்தான். நடப்பம்."

சல்மா எங்களைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வந்த நாளிலேருந்து அறைக்குள்ளதான் இரிக்காரு. சாப்பிடக் கூப்பிட்டா வாறார். லொறியப் பாக்கிறதே இல்ல. வித்துப்போடு எண்டு சொல்றாரு."

உள்ளே ஜெமீல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டிலில் இருந்தார். இடது கண்ணில் வெள்ளைத் துணி. என்னைக் கண்டு எழுந்தார். தழுவிக்கொண்டோம். ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் குரல் இல்லை. "ஒங்களுக்குப் பார்வ வந்திட்டு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சல்மா வைத்த தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

யோகம்தான் சொன்னாள். "ஜெமீல், எங்கட கார் கடைத்தெருவில நிண்டுபோச்சு. வந்து ஒருக்காப் பாக்கிறியளோ?"

"டீச்சர், ஒத்தக் கண்ணால நான் என்னத்தப் பாக்க? கடைத்தெருவில ஆள் இரிக்கி, சொல்லி அனுப்புறன்."

"வேற ஆக்களுக்கு எங்கட காரைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுதான். ஆனால் அவருக்கு உங்களில நம்பிக்கை."

ஜெமீல் எழுந்து இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். கதவில் பிடித்துக்கொண்டு நின்ற சல்மா வழிவிட்டார்.

தெருவில் சனம் அவரைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. காரடியில் வந்து பொனற்றைத் திறந்தார். நான் பின்னால் தள்ளி நின்றேன். குனிந்து பார்த்துவிட்டு எதையோ பிடிக்கக் கை நீட்டினார். கை அதற்கு இந்தப் பக்கத்தில் வெறுங்காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினார். இந்த முறை தாண்டிப் போய் இரும்பில் இடித்தது. ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. பழகும்வரை எல்லோருக்கும் அப்படித்தான் என்று எனக்கும் டொக்டர் சொல்லியிருந்தார். ஜெமீலின் முகம் கறுத்தது. கையை இழுத்துக்கொண்டார்.

என் கால்கள் எப்படி நகர்ந்தன என்று எனக்குத் தெரியாது. பற்றரிக்கு மேலாகக் குனிந்து அவருடைய கையைப் பிடித்தேன். "இஞ்ச. இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு. ஓம், அதுதான்."

அவர் பிடித்தது ஒரு தடித்த வயர். பொறி வருவதற்கான மின்சாரத்தைக் கொண்டுபோகிற வயர். அது தன் குழியிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் அழகாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஜெமீல் அதை ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்து யோகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இது தானாக் கழருற வயர் இல்ல."

"ஓம்" என்றாள் யோகம். "நான்தான் கழட்டினனான்."

"ஏன் டீச்சர்?"

"நீங்கள் வெளியில வரமாட்டியள் எண்டு மிசி சொன்னவ. இவர் பொனற்றைத் திறக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். இத்தனை வருசம் லைற் பிடிச்ச எனக்கு ஒரு வயர் கழட்டத் தெரியாதோ?"

ஜெமீல் என்னைப் பார்த்தார். நான் இன்னும் பற்றரிக்கு மேலாகக் குனிந்துதான் நின்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாட்டில் கேட்ட அதே சிரிப்பு. கடைவாசலில் நின்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் துணிக்குக் கீழே வழிந்ததைத் தோளால் துடைத்துவிட்டு வயரைக் குழியில் அழுத்தினார். எஞ்சின் பிடித்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசலிலேயே நின்று, "சல்மா, லொறிச் சாவி எங்க?" என்றார். சல்மா ஓடிப்போய்க் கொண்டு வந்தார்.

"மச்சான், ஏறுங்க" என்றார் ஜெமீல். என்னைக் கிளாக்கர் என்று கூப்பிடாதது அதுதான் முதல் முறை. "எனக்கு இடப்பக்கம் இருட்டு. ஒங்கட நல்ல கண் எது?"

"இடது."

"அப்ப அந்தப் பக்கம் குந்துங்க. வாறத நீங்க சொல்லுங்க."

லொறி முற்றத்தை விட்டு இறங்கியது. பின்னால் இரண்டு பெண்களும் வேலியடியில் நின்றார்கள். தோணித் துறைப் பக்கமாக ஊர்ந்து போனோம், நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போகிற வேகத்தில். நான் யன்னலால் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். சைக்கிள். மதில். ஆள்.

"இடப்பக்கம் மாடு."

"கண்டிட்டன்" என்றார் ஜெமீல்.

காணவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய கால் பிரேக்கில் இருந்தது. லொறி நின்றது. மாடு ஆறுதலாகக் கடந்து போனது. அவர் மறுபடி கியர் போட்டார்.